பேயும் இயந்திரமும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)



'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பது பழமொழி. நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் அப்பத்தா சொல்லும் பேய்க் கதை கேட்டு வளராத பிள்ளைகள் சிலரே. அத்தகைய கதைகள் ஒரு வகை. அறிவியலைக் கருவாகக் கொண்ட கதைகள் மற்றொரு வகை. இவ்விரண்டையும், துப்பறியும் கதையையும் ஒன்றாகக் கலந்து தந்தவர் எழுத்தாளர் சுஜாதா (1935–2008). எஸ். ரங்கராஜன் என்னும் இயற்பெயர் கொண்ட இவர், பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். இவருடைய இரு நாவல்கள் என் உள்ளத்தில் எழுப்பிய எண்ணங்களை இங்கே கூற விழைகிறேன்.

முதலாவது, 1981-இல் குமுதத்தில் தொடராக வந்த 'கொலையுதிர் காலம்'. சொத்து விவகாரமாகச் செல்லும் வழக்கறிஞர்கள் கணேஷும் வசந்தும் ஒரு பேயுருவத்தின் மர்மத்தில் சிக்குகின்றனர். வசந்த் பேயோ என்று ஐயுறுகிறான். கணேஷோ அறிவியலில் விடை தேடுகிறான். ஒளியால் முப்பரிமாண உருவம் காட்டும் ஹோலோகிராம் பற்றி நான் முதலில் அறிந்தது இக்கதையில்தான். அதனைக் கண்டறிந்த டென்னிஸ் கேபார் 1971-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

படிக்கும்போது நம்மூர்க் கானல் நீர் என் நினைவுக்கு வந்தது. சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் தண்ணீர் தேங்கி நிற்பது போலத் தெரிகிறதல்லவா? தரையை ஒட்டிய காற்று சூடாகி அடர்த்தி குறைவதால், வானிலிருந்து வரும் ஒளி வளைந்து நம் கண்ணை அடைகிறது. நாம் காண்பது வானத்தின் சாயலே! கண் பொய் சொல்லவில்லை. நாம் கொள்ளும் பொருள்தான் தவறு. அச்சம் வரும்போது ஓடாமல் நின்று, 'இது எப்படி நிகழ்கிறது?' என்று கேட்க இந்நாவல் எனக்குக் கற்றுத் தந்தது.

இரண்டாவது, 1980-களில் ஆனந்த விகடனில் வெளிவந்த 'என் இனிய இயந்திரா'. ஜீவா என்பவரின் சர்வாதிகார ஆட்சி. குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். ஒருவர் எவ்வளவு காலம் வாழலாம் என்பதையும் அரசே முடிவு செய்கிறது. கணவனைக் காணாமல் தவிக்கும் நிலாவுக்குத் துணை நிற்பது ஜீனோ என்னும் இயந்திர நாய். அதன் குறும்புப் பேச்சில் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் முதியோர்க்கு அந்நாட்டில் இடமில்லை என்பது என்னை உறங்கவிடவில்லை.

இது வெறும் கற்பனையா? நம் விருதுநகர் மாவட்டத்தில் தளர்ந்த முதியோரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இறக்கச் செய்யும் 'தலைக்கூத்தல்' பற்றி 2010-இல் நாளேடுகள் எழுதின. கதையில் அதிகாரம் செய்ததை, இங்கே வறுமையும் சலிப்பும் செய்தன. இயந்திர நாய்க்குத் தோன்றும் பரிவு மனிதருக்குத் தோன்றாமல் போகலாமோ? நமக்குக் கதை சொல்லி வளர்த்தவர்கள் அல்லவா அவர்கள்!

ஆகவே தோழியரே, இத்தகைய நாவல்களை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க வேண்டாம். படிக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். 'இது எப்படி நிகழும்?' என்பது ஒன்று. அதற்கு அறிவியல் விடை தரும். 'இது நிகழலாமா?' என்பது மற்றொன்று. அதற்கு நம் மனச்சான்றே விடை தர வேண்டும்.