மெல்ல முடியாதவருக்குக் கஞ்சி மட்டும் போதாது

பல் விழுந்தவர், தாடையில் அறுவை சிகிச்சை முடிந்தவர், பாக்கும் ஹான்ஸ் புகையிலையும் போட்டு வாய் திறக்க முடியாமல் இறுகிப்போனவர் என யாராக இருந்தாலும் நம் வீடுகளில் முதலில் அடுப்பேறுவது கஞ்சிதான். அன்போடுதான் வைக்கிறார்கள். ஆனால் கணக்குப் பார்த்தால் அது பாதிப் பட்டினி. ஒரு தம்ளர் நீர்த்த கஞ்சிக்கு 30 கிராம் அரிசி என்று வைத்துக்கொண்டால், அதில் கிடைப்பது சுமார் 100 கலோரியும் 2 கிராம் புரதமும். மூன்று வேளையும் அதையே குடித்தாலும் புரதம் 7 கிராமைத் தாண்டாது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் தந்த பரிந்துரைப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1 கிராமாவது வேண்டும் என்கிறார்கள் ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவர்கள். அப்படியானால் 50 கிலோ எடையுள்ள பெரியவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம். குறைகிற புரதத்துக்காக உடல் தன் தசையையே கரைக்கிறது. தசை கரைந்தால் நடை தளர்கிறது, புண் ஆறத் தாமதமாகிறது. சாப்பாடு மென்மையாக இருக்க வேண்டும், நீர்த்துப்போகக் கூடாது. சென்னையை அடுத்த கோவளம் போன்ற கடலோர ஊரில் மென்மையையும் புரதத்தையும் சேர்த்துத் தரும் மீன் கரையிலேயே கிடைக்கிறது.

சமையலுக்கு முன்பு ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: சிரமம் மெல்வதிலா, விழுங்குவதிலா? தண்ணீர் குடிக்கும்போது இருமல், சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாகக் கரகரத்தல், அடிக்கடி நெஞ்சுச் சளியோடு காய்ச்சல் ஆகியவை விழுங்குவதில் கோளாறு இருப்பதன் அடையாளங்கள். பக்கவாதம் வந்தவர்களிடம் இதை அதிகம் காணலாம். அப்படியிருந்தால் வீட்டு யோசனை போதாது, மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். இவர்களில் பலருக்குப் பருக்கை மிதக்கும் பழைய சோறும், ரசம் ததும்பும் சாதமும்கூட ஆபத்தாகலாம். நீர் முந்திக்கொண்டு மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பருக்கை வாயிலேயே தங்கும். மெல்வதில் மட்டுமே சிரமம் உள்ளவர்களுக்குத்தான் இனி வரும் யோசனைகள்.

அடுத்தது, மென்மையை அளந்து பார்ப்பது. இதற்கென்றே ஐடிடிஎஸ்ஐ என்ற பன்னாட்டு அளவுமுறை இருக்கிறது. அது சொல்லும் சோதனையை எந்த வீட்டிலும் செய்யலாம். உணவின் மேல் முள்கரண்டியை வைத்து, கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்த வேண்டும். உணவு நசுங்கி, பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் இருந்தால் சரி. ஓரளவு மெல்லக் கூடியவருக்குத் துண்டுகள் ஒன்றரை சென்டிமீட்டர் வரை இருக்கலாம். மிகவும் சிரமப்படுபவருக்கு 4 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். நாம் மென்மை என்று நம்பும் சில பண்டங்கள் இதில் ஏமாற்றிவிடும். புட்டு உதிர்ந்து வாயெங்கும் ஒட்டும். வெறும் இட்லி, எச்சில் குறைந்த வாயில் மாவாகத் திரண்டு அடைக்கும். சாம்பாரில் நன்றாக ஊறவிட்டால் இறங்கும். கறிவேப்பிலை, கடுகு, முழு மிளகு, தேங்காய்த் துருவல் எல்லாம் ஈறில் சிக்கி வலிக்க வைக்கும். தாளிப்பை வடித்துச் சேர்க்கலாம், மிளகைப் பொடிக்கலாம், தேங்காயைப் பாலாக எடுக்கலாம். ருசியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

இனி மீனுக்கு வருவோம். 100 கிராம் மீன் சதையில் ஏறக்குறைய 18 கிராம் புரதம் இருக்கிறது. அதை மெல்ல வேண்டிய வேலையும் கறியைவிட மிகக் குறைவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். கோவளம் போன்ற குப்பங்களின் சிறு ஃபைபர் படகுகளால் அப்போதும் கரைக்கு மீன் வரும். கழிமுகங்களில் வளரும் கிழங்கான் இதற்குத் தோதானது. சதை வெண்மையாகவும் மெதுவாகவும் இருக்கும். மஞ்சளும் உப்பும் தடவி இட்லிப் பானையில் பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, ஆறியதும் சதையை விரலால் நசுக்கி நசுக்கி முள் எடுக்க வேண்டும். ஒருமுறை எடுத்ததோடு நிறுத்தாமல், வேறொருவர் கையால் இன்னொருமுறை தடவிப் பார்ப்பது நல்லது. இதில் அவசரம் கூடவே கூடாது. பிறகு குழைய வதக்கிய சின்ன வெங்காயம், பூண்டோடு சேர்த்துப் பிரட்டி, தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கினால் குழைசாதத்தோடு அப்படியே இறங்கும். முள்ளுக்குப் பயப்படுபவர்கள் சிறிய பால்சுறாவைப் புட்டாகச் செய்து, மீன்குழம்பு விட்டு ஈரமாகப் பிசைந்து தரலாம். பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

100 கிராம் மீனின் புரதத்தோடு இரண்டு முட்டையில் 12 கிராம், பாலும் தயிருமாக 300 மில்லியில் 9 கிராம், 50 கிராம் பாசிப்பருப்பில் 12 கிராம் என்று கூட்டினால் 50 கிராம் நிறைந்துவிடும். சைவக்காரர்களுக்கு வழியில்லை என்பது சரியல்ல. பருப்பு 80 கிராம், பாலும் தயிரும் அரை லிட்டர், அரிசி 200 கிராம், வறுத்து விழுதாக அரைத்த வேர்க்கடலை 20 கிராம் சேர்ந்தாலே புரதம் 50 கிராமைத் தாண்டும். பொங்கலுக்கு அரிசிக்குச் சமமாகப் பருப்புப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. வயிறு சீக்கிரம் நிறைபவருக்கு மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ சேர்க்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாக மிக்ஸியில் அடித்துத் தருவதை மட்டும் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். எது கீரை, எது மீன் என்று தெரியாத கலவையை யாரும் விரும்பி உண்பதில்லை. அரைத்தே ஆக வேண்டுமென்றால் தனித்தனியாக அரைத்துத் தட்டில் தனித்தனியாக வையுங்கள்.

முட்டையும் மீனும் சூடு, கஞ்சிதான் சீக்கிரம் செரிக்கும் என்பார்கள். பல் இல்லாததால் வயிறு கெட்டுவிடுவதில்லை. நன்றாக வெந்த முட்டையும் மீனும் முதியவர்களுக்கும் செரிக்கும். சர்க்கரை நோய் உள்ளவருக்கோ வெறும் கஞ்சிதான் அதிகச் சிக்கல், ஏனென்றால் அது ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றிவிடும். நியாயமான தடை ஒன்று உண்டு: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது, முடிந்த பிறகு அரை மணி நேரம் படுக்காமல் இருப்பது, பல் இல்லாவிட்டாலும் ஈறையும் நாக்கையும் துடைப்பது ஆகியவை சின்ன வேலைகள்; விடாமல் செய்ய வேண்டும். குழைசாதத்துக்குப் பழகிவிட்டோம் என்று பல் செட்டைத் தள்ளிப்போடவும் வேண்டாம். கோவளத்துக்குப் பக்கத்தில் கேளம்பாக்கத்திலேயே பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வாரம் ஒருமுறை எடை பாருங்கள். 50 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரை கிலோ குறைந்தால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் அந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.