மேசைமேல் இருக்கும் போன்

"போனைத் தூக்கி எறிந்துவிட்டுப் படி" என்று சொல்வது எளிது. ஆனால் அதை எமது கைகளில் தந்ததே படிப்புத்தான். 2020 மார்ச் மாதம் கொவிட் தொற்றினால் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடக்குறிப்புகள் வட்ஸ்அப்பிலும் வகுப்புகள் ஸூமிலும் வந்தன. தோட்டப்புறங்களில் கடன்பட்டு ஸ்மார்ட் போன் வாங்கிய பெற்றோர் உண்டு. சிக்னல் தேடி மேட்டில் ஏறி நின்று படித்த பிள்ளைகளும் உண்டு. பாடசாலைகள் மீண்டும் திறந்தன, போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. குறிப்புகள் இன்றும் அதில்தான் வருகின்றன.

குறிப்பைப் பார்க்கத் திறந்தால் குறிப்போடு நின்றுவிடுகிறோமா? பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு. பேஸ்புக்கிற்கும் டிக்டொக்கிற்கும் அது இல்லை. விரலால் தள்ளத் தள்ள முடிவின்றி வரும் இந்த முறையை 2006இல் உருவாக்கிய அசா ராஸ்கின் என்பவரே பின்னாளில் அதற்காக வருந்தினார். நிறுத்துவதற்கு ஓர் இடம் இல்லாதபடி செய்யப்பட்ட பொருளின் முன்னால் நின்றுகொண்டு, பிள்ளைகளுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று மட்டும் குறைகூறுவது நியாயமாகத் தோன்றவில்லை.

அமெரிக்காவின் டெக்ஸாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு கவனத்திற்குரியது. பங்குபற்றியோரில் சிலர் போனை மேசைமேல் வைத்தனர். சிலர் சட்டைப்பையில் அல்லது பையில் வைத்தனர். சிலர் வேறோர் அறையில் வைத்துவிட்டு வந்தனர். எல்லாப் போன்களின் ஒலியும் நிறுத்தப்பட்டிருந்தது. நினைவாற்றல் சோதனையில் வேறோர் அறையில் வைத்தவர்களே சிறப்பாகச் செய்தனர். மேசைமேல் உள்ள போனைக் குப்புற வைத்தாலும் அணைத்து வைத்தாலும் பெரிய வேறுபாடு இல்லையாம். அதை எடுக்காமல் இருப்பதற்கே மனத்தின் ஒரு பகுதி செலவாகிறது என்பது அவர்களின் விளக்கம். பின்னர் நடந்த எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை. ஆயினும் பரீட்சைக்குப் படித்த எவருக்கும் இது அந்நியமாகத் தோன்றாது.

வேறோர் அறை! லயத்து வீட்டில் அதற்கு எங்கே போவது? ஒரு காம்பரா, ஒரு குசினி, முன்னால் இஸ்தோப்பு. படிப்பதும் உறங்குவதும் ஒரே இடத்தில். தம்பி பக்கத்திலிருந்து வீடியோ பார்த்தால் அக்காவின் கவனமும் சேர்ந்தே போகிறது. ஆகவே எம்மில் பலருக்கு இது தனியொருத்தியின் பழக்கமல்ல, வீட்டார் எல்லோரும் சேர்ந்து செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு. மாலையில் குறிப்புகளை ஒரே தடவையில் கொப்பியில் எழுதி முடித்துவிட்டு, போனை உம்மாவிடமோ அம்மாவிடமோ கொடுத்துவிடலாம். அது குசினியில் இருக்கட்டும்.

உயர்தரப் பரீட்சையின் இரண்டாம் பகுதி வினாத்தாள் மூன்று மணித்தியாலம். ரீல்ஸின் நீளத்துக்குப் பழகிய மனம் அங்கே திடீரென அமர்ந்துவிடாது. விடுமுறை நாளில் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, இடையில் எழும்பாமல் எழுதிப் பாருங்கள். முதன்முதலில் கை போனைத் தேடும் நேரத்தை ஓரத்தில் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் இன்னொரு தாளில் அதே நேரத்தைக் குறித்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.