உயரமான இடங்களைத் துப்புரவு செய்யும் முறை

தை பிறக்கும் முன் நம் கொங்கு நாட்டில் வீடுதோறும் துப்புரவு வேலை மும்முரமாக நடைபெறும். போகியன்று வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ ஆகியவற்றைச் சேர்த்து இறவாரத்தில் காப்புக் கட்டுமுன், ஒட்டடை நீக்கி வீட்டைத் தூய்மை செய்வது நம் வழக்கம். பொள்ளாச்சி வட்டாரத்து ஓட்டு வீடுகளில் முகடு உயரமானது, கைக்கு எட்டாது. ஆகவே வீட்டார், குறிப்பாகப் பெண்கள், முக்காலி மீதும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகள் மீதும் ஏறி நிற்கின்றனர். இங்கேதான் அபாயம் இருக்கிறது.

உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் தவறி விழுந்து இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. உயிர் தப்பினாலும், மணிக்கட்டு முறிந்த நெசவாளர் தறியில் அமர முடியாது. இடுப்பெலும்பு முறிந்த குடியானவர் தோட்டத்துக்குச் செல்ல முடியாது. ஒரு நாள் வேலையினால் ஒரு பருவத்து வருமானம் போய்விடக்கூடும். எனவே நாம் மனத்திற்கொள்ள வேண்டிய விதி ஒன்றே: கோல் உயரட்டும், கால் தரையில் நிற்கட்டும்.

1. ஒட்டடைக்கோல்: நேரான, காய்ந்த மூங்கிலின் நுனியில் தென்னை ஈர்க்குமாற்றையோ பழந்துணியையோ இறுகக் கட்டுக. முகட்டின் ஒட்டடை, கண்ணாடி ஓட்டின் உட்புறம், சுவரின் மேல்விளிம்பு ஆகியவற்றைத் தரையில் நின்றே துடைக்கலாம். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்க. மேலிருந்து கீழாகத் துடைத்து வருக.

2. ஏணி: ஏறியே தீரவேண்டுமெனில் ஏணியே தகுந்தது. ஏணி சாயும் இடம் 12 அடி உயரமானால், அதன் அடி சுவரிலிருந்து 3 அடி தள்ளியிருக்க வேண்டும். அதாவது நான்கில் ஒரு பங்கு. இதற்குக் குறைந்தால் ஏணி பின்னால் சாயும். மிகுந்தால் அடி வழுக்கும். கீழே ஒருவர் பிடித்துக்கொண்டே நிற்பது அவசியம். பக்கவாட்டில் எட்டித் துடைக்காமல், இறங்கி ஏணியை நகர்த்துக. சேலை, வேட்டி காலில் சிக்காதவாறு செருகிக்கொள்க. தெருவில் நான்கு வீட்டார் கூடி உறுதியான ஏணி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது சிக்கனமும் ஆகும்.

3. மின்சாரம்: விசிறி, விளக்கு ஆகியவற்றைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுக. அலுமினிய ஏணியில் மின்சாரம் பாயுமாதலால் அதைக் கம்பிகளின் அருகே கொண்டு செல்லலாகாது. ஈரத்துணியோ நனைந்த மூங்கிலோ கம்பியில் படலாகாது. விசிறி இலையைப் பழைய தலையணை உறைக்குள் நுழைத்து இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே தங்கும்.

4. தறிக்கூடம்: நெகமம் பகுதிபோலப் பருத்தி நெய்யும் வீடுகளில் பஞ்சுத்தூசி விட்டத்திலும், ஜக்கார்டு பெட்டியின் மேலும், விளக்கின் மீதும் படியும். அது எளிதில் தீப்பற்றும். நாள்பட உட்கொண்டால் நுரையீரலைக் கெடுக்கும். ஆகவே பாவைத் துணியால் மூடிவிட்டு, மின்சாரத்தை அணைத்தபின், விட்டத்தை வாரந்தோறும் நன்கு பிழிந்த ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் அடித்தால் தூசி கிளம்பி மீண்டும் அங்கேயே படியும்.

5. பரண்: பரணிலுள்ள பாத்திரத்தையும் மூட்டையையும் சுமந்துகொண்டு ஏணியில் இறங்கலாகாது, கூடையில் வைத்துக் கயிற்றால் இறக்குக. குளவிக்கூடு உண்டா என்று முதலில் கோலால் எட்ட நின்று, விளக்கொளியில் பார்த்துக்கொள்க. பூச்சி மருந்தைப் பரணில் வைக்கவே வேண்டாம். குப்பி சாய்ந்தால் கீழே உள்ள தானியமும் நஞ்சாகும்.

6. கூரை: ஓட்டின் மீதும் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் மீதும் நடக்கலாகாது, அவை ஆளின் பாரத்தைத் தாங்குமென்று நம்ப முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உலர்ந்த நிலையில் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத நார்கள் கிளம்பி மூச்சில் புகும். அதைத் தேய்க்காமல் விடுவதே நலம்.

விபத்து நேர்ந்தால், விழுந்தவரை உடனே தூக்கி உட்கார வைப்பது தவறு. கழுத்தோ முதுகெலும்போ அடிபட்டிருப்பின் அசைவினால் ஊறு மிகும். அவரைப் படுத்தவாறே விட்டு, 2008 முதல் தமிழ்நாட்டில் இயங்கிவரும் 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.

தலைசுற்றல் உள்ளோர், முதியோர், கர்ப்பிணிகள் ஏணியில் ஏறாமல் பார்த்துக்கொள்வது வீட்டிலுள்ள மற்றவர்களின் கடமை. போகியன்று அவசரமாகச் செய்யாது, மார்கழியிலேயே நாளுக்கு ஓர் அறையாகத் துப்புரவு செய்து முடித்தால், காப்புக் கட்டும் நாளில் வீடும் தூய்மையாயிருக்கும், வீட்டாரும் நலமாயிருப்பர்.