பனிச்சறுக்குப் பலகை: இலேசும் கனமும்

ஒரு கருவியை ஆராயப் புகுவோர், அது யாருக்கு, எவ்விடத்தில், எத்தொழிலுக்கு வேண்டுவது என்பதை முதற்கண் வினவுதல் முறையாகும். அவ்வினாவை விடுத்து, ‘இரண்டில் எது உயர்ந்தது?’ என்று மட்டும் கேட்போர் பெரும்பாலும் பொருளையும் இழந்து பயனையும் இழப்பர். இவ்வுண்மையை விளக்குதற்கு நம் மாவட்டத்தார் மிகுதியும் கண்டிராத ஒரு கருவியை நாம் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கின்றோம். அது ‘ஸ்கீ’ எனப்படும் பனிச்சறுக்குப் பலகை. இலேசான பலகை, உலோகத்தகடு பொதிந்த கனமான பலகை என அதில் இரு வகை உண்டு. அவ்விரண்டன் இயல்புகளையும் ஒப்புநோக்குவதே நம் கருத்து.

தருமபுரியில் வாழும் நமக்குப் பனி என்பது மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியும், மலைச்சாரலில் தவழும் மூடுபனியுமே. அவ்வாறிருக்க இவ்வாராய்ச்சி எதற்கு என மாணாக்கர் சிலர் வினவலாம். அதற்கு இரு விடைகள் உள. ஒன்று, வகுப்பில் நாம் கற்கும் பொருளியக்க விதிகள் இக்கருவியில் கண்கூடாக விளங்குகின்றன. மற்றொன்று, பனிச்சறுக்கு இன்று அயல்நாட்டார்க்கே உரிய விளையாட்டன்று. காசுமீரத்தில் குல்மார்க் என்னும் இடத்தில் இந்தியப் பனிச்சறுக்குக் கழகம் 1927-ஆம் ஆண்டிலேயே தோன்றிற்று. இப்பொழுது அங்கே நடுவணரசின் பயிற்சி நிலையம் ஒன்று நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வரும் இளைஞர்க்குப் பயிற்சி அளித்து வருகின்றது. அப்பகுதியினரான ஆரிப் கான் என்பார் 2022-ஆம் ஆண்டுப் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கலந்துகொண்டு, பெருவளைவுச் சறுக்கில் 45-ஆம் இடம் பெற்றார். நம் மாணாக்கருள்ளும் சிலர் அங்குச் செல்லக்கூடும். செல்வோர், பலகை வாடகைக்குக் கொடுக்கும் கடையின் முன் நின்று ‘எதைக் கொள்வது?’ என மயங்காதிருத்தல் நன்று.

பலகையின் அமைப்பு

பெயரால் பலகை எனப்படினும் இஃது ஒரே மரத்துண்டன்று. நடுவில் மரம், அதன் மேலும் கீழும் பிசினில் தோய்த்த கண்ணாடியிழை, அடியில் வழுவழுப்பான பாலித்தீன் தகடு, இரு ஓரங்களிலும் எஃகு விளிம்பு. இவையெல்லாம் அடுக்கி ஒட்டி அழுத்தப்பட்டு ஒன்றாகின்றன. செம்மை செய்த சரிவிலும், காற்றால் இறுகிய பனியிலும், புதிதாய்ப் பெய்த மென்பனியிலும் ஒருங்கே பயன்படுமாறு செய்யப்படுவதனை ‘எம்மலைப் பலகை’ எனலாம். அதன் இடையகலம் பெரும்பாலும் 85 முதல் 105 மில்லிமீட்டர் வரையில் அமையும்.

முற்காலத்தில் ஹிக்கரி முதலிய வன்மரங்களால் இப்பலகைகளைச் செய்தனர். அமெரிக்க நாட்டில் விமானத் தொழிற்சாலையொன்றில் பொறியறிஞராயிருந்த ஹோவார்டு ஹெட் என்பவர், விமானத்தில் கையாளும் முறையைப் பலகைக்கும் கையாளலாமே என எண்ணி, 1947-ஆம் ஆண்டு தொடங்கிப் பல மாதிரிகளைச் செய்து பார்த்தார். அவை மீண்டும் மீண்டும் முறிந்தன. விடாது முயன்று, ஒட்டுமரத்தின் மேலும் கீழும் அலுமினியத் தகடு பொதிந்த பலகையை 1950-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். உலோகப் பலகை உலகெங்கும் பரவுதற்கு அதுவே வழி திறந்தது.

இந்நாளில் இவ்வேலைக்குப் பெரிதும் பயன்படும் உலோகம் ‘டைட்டனால்’ எனப்படுவது. பெயரைக் கேட்டவுடன் டைட்டேனியம் என மயங்குவோர் பலர். உண்மையில் அது துத்தநாகம், மக்னீசியம், செம்பு ஆகியன சேர்ந்த அலுமினியக் கலப்புலோகமே.

உலோகத்தால் ஏறும் எடை எவ்வளவு? ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். நீளம் 180 சென்டிமீட்டர், சராசரி அகலம் 11 சென்டிமீட்டர், தடிப்பு 0.04 சென்டிமீட்டர் உள்ள ஒரு தகட்டின் கனவளவு ஏறக்குறைய 79 கன சென்டிமீட்டர். அடர்த்தி 2.8 எனக் கொள்ளின் எடை ஏறக்குறைய 220 கிராம். பலகையொன்றுக்கு இரு தகடுகள் வைத்தால் 440 கிராம். இதனோடு மரத்தின் எடையும் சேரும். இலேசான பலகைக்குப் பாலோனியா போன்ற மென்மரமும், கனமான பலகைக்கு ஆஷ், பீச் போன்ற வன்மரமும் நடுவில் வைப்பதுண்டு. ஆகவே ஒரே நீளமுள்ள பலகைகளுள் ஒன்று 1.7 கிலோகிராமும் மற்றொன்று 2.1 கிலோகிராமும் இருத்தல் இயல்பே.

கனம் செய்யும் தொழில்

அறுபத்தைந்து கிலோகிராம் எடையுள்ள ஒருவர்க்கு இரு பலகைகளிலும் சேர்ந்து ஏறும் 0.8 கிலோகிராம் நூற்றில் ஒரு பங்கிற்குச் சிறிதே மிகுதி. இவ்வளவு சிறு வேறுபாட்டால் என்ன ஆகும் என ஐயுறலாம். பலகைக்கும் உடலுக்கும் இடையே முழங்கால் என்னும் வளைவு இருப்பதை நினைவிற் கொள்ளல்வேண்டும். சரிவிலே கிடக்கும் பனிக்கட்டியின் மோதலை முதற்கண் ஏற்பது பலகையே. உடல் அதனைப் பின்னரே உணர்கின்றது. ஒரே அளவான மோதலால் ஒரு பொருள் பெறும் வேகம் அதன் எடைக்கு எதிர்விகிதமாகும் என்பது நாம் கற்ற விதி. அவ்விதிப்படி 1.7 கிலோகிராம் பலகை, 2.1 கிலோகிராம் பலகையினும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மிகுதியான வேகத்தோடு விலகித் துள்ளும். கூழாங்கல்லில் மோதிய மிதிவண்டிச் சக்கரம் துள்ளுவதையும், பாரவண்டிச் சக்கரம் அக்கல்லைப் பொருட்படுத்தாது மிதித்துச் செல்வதையும் நம் ஊர்ச் சாலைகளில் நாள்தோறும் காண்கின்றோம்.

உலோகத்தகட்டின் இரண்டாவது தொழில் முறுக்கைத் தடுத்தல். இறுகிய பனியில் வளைந்து திரும்புங்கால் பலகை ஓரத்தின்மேல் சாய்ந்து நிற்கும். அப்பொழுது அதன் முனையும் வாலும் முறுக்குண்டு வழுக்க முயலும். தகடு அம்முறுக்கை எதிர்த்து, விளிம்பு முழுவதையும் பனியிற் பதியச் செய்கின்றது.

மூன்றாவது தொழில் அதிர்வை அடக்குதல். இதனைப் பலர் பிழைபட உணர்ந்துள்ளனர். உலோகம் தானே அதிர்வை அடக்குவதில்லை. அடக்குமாயின் நம் கல்லூரி மணி ஒரு முறை அடித்தவுடனே ஓய்ந்துபோகும். அதுவோ நெடுநேரம் ஒலிக்கின்றது. பலகையினுள் தகட்டை அடுத்து மெல்லிய இரப்பர்ப் படலம் ஒட்டப்படுகின்றது. பலகை அதிருந்தோறும் தகட்டிற்கும் மரத்திற்கும் இடையே அப்படலம் இழுபட்டு, அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றிக் கழித்துவிடுகின்றது. இரப்பரும் உலோகமும் கூடியே அமைதியைத் தருகின்றன என்க.

இம்மூன்று நலங்களும் விரைவில்தான் புலப்படும். மணிக்கு 20 கிலோமீட்டர் விரைவில் செல்வோனுடைய இயக்க ஆற்றலினும் 60 கிலோமீட்டரில் செல்வோனுடையது ஒன்பது மடங்கு மிகுதி. அவ்விரைவிற் செல்லும் வல்லோனுக்குக் கனமான பலகை உற்ற துணை. மெல்லச் செல்லும் புதியோனுக்கோ அதனை வளைக்கவும் வலிமை போதாது, திருப்பவும் வலிமை போதாது. வளையாத பலகை நேரே ஓடும். நேரே ஓடுவது அவனை அச்சுறுத்தும். அச்சத்தால் அவன் பின்சாய்வான். பின்சாய்ந்தவன் தன் பலகையை ஆளும் திறத்தை இழந்து விழுவான்.

இலேசின் நலங்கள்

இலேசான பலகை சிறு முயற்சிக்கும் இணங்கித் திரும்பும். மரங்களுக்கிடையே குறுகிய வழியில் விரைந்து திருப்பவேண்டுங்கால் இதன் அருமை விளங்கும். நாள் முழுதும் பயில்வோர்க்குத் தொடையும் முழங்காலும் அயர்தல் குறையும். அயர்ந்த காலே இடருக்கு வழி கோலுதலால் இந்நன்மை சிறிதன்று. மென்பனியில் மிதத்தலுக்கோ பலகையின் பரப்பும், முனை மேனோக்கி வளைந்த அமைப்பும் காரணமாதலின், அங்கே உலோகத்தால் வரும் பயன் குறைவு.

எல்லாவற்றிலும் மேலாக, மலையேறுவோர்க்கு இலேசே உயிர். கம்பியூர்தி இல்லாத இடத்தில், பலகையின் அடியில் வழுக்காப் பட்டையை ஒட்டி, குதிகால் மேலெழுமாறு பிணைத்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து ஏறுவர். பத்தாயிரம் அடி வைத்து ஏறும் வழியொன்றைக் கொள்வோம். ஒவ்வோர் அடியிலும் 400 கிராம் மிகுதியாயின், மொத்தத்தில் நான்காயிரம் கிலோகிராம் பாரத்தைச் சிறிது சிறிதாக முன்தள்ளியவராவோம்.

பரிசல் தரும் பாடம்

இவ்விடத்தில் நம் மாவட்டத்திற்குரிய சான்று ஒன்று நினைவிற்கு வருகின்றது. பென்னாகரத்தை அடுத்த ஒகேனக்கல்லில் காவிரியில் ஓடும் பரிசலை அறியாதார் இலர். மூங்கிற் பிளாச்சுகளைப் பின்னி, முற்காலத்தில் தோலும் பிற்காலத்தில் நெகிழித்தாளும் போர்த்துத் தாரினைப் பூசிச் செய்வது அது. ஆளின்றி விட்ட பரிசல் சுழலில் அகப்பட்டுச் சருகுபோற் சுற்றும். ஆட்கள் அமர்ந்த பரிசல் அவ்வாறு எளிதில் அலைக்கழிக்கப்படுவதில்லை. கனம் நிலைபேற்றைத் தரும் என்பதற்கு இதுவே சான்று. அங்ஙனமாயின் பரிசலையே கனமாகச் செய்யாதது ஏன்? பாய்ந்தோடும் நீரை எதிர்த்துப் பரிசலை மேலே செலுத்துதல் அரிது. பரிசலோட்டி அதனைக் கவிழ்த்துத் தலைமேற் கொண்டு பாறைகளின் வழியே சுமந்துசெல்ல வேண்டியவராகின்றார். இறங்குங்கால் அவரைச் சுமப்பது பரிசல். ஏறுங்கால் பரிசலைச் சுமப்பவர் அவர். சுமப்பவர் தாமேயாதலின் மூங்கிலைத் தேர்ந்தனர்.

பனிச்சறுக்கிற்கும் இவ்விதியே பொருந்தும். ‘நான் இதனைச் சுமக்கும் நேரம் எவ்வளவு, இது என்னைச் சுமக்கும் நேரம் எவ்வளவு?’ என்று கேட்டுக்கொண்டால், இலேசு கனம் என்னும் வழக்கிற் பெரும்பகுதி தானே தீரும்.

குல்மார்க்கில் எதனைக் கொள்வது?

குல்மார்க் கடல்மட்டத்திற்குமேல் ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கொங்டூரி வரையில் கம்பியூர்தி 1998-இலும், அதற்குமேல் அபர்வத் மலையின் தோள் வரையில், ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்திற்கு, 2005-இலும் ஓடத் தொடங்கிற்று. இவ்வூர்தி இலேசு கனம் என்னும் வழக்கில் ஒரு பெரிய மாறுதலைச் செய்தது. ஏற்றத்தைப் பொறி ஏற்றுக்கொண்டமையால், மேலிருந்து விரைந்திறங்கும் வல்லோர் கனத்தை அஞ்சவேண்டுவதில்லை. காற்றால் இறுகியும் பலர் சறுக்கியதால் குலைந்தும் கிடக்கும் பனியில் உலோகப் பலகை அவர்க்குத் தகும்.

முதன்முதற் பயில்வோர் கீழுள்ள மென்சரிவுகளிலேயே பல நாள் கழிப்பர். பலகையைத் தோளிற் சுமந்து நடப்பதும் அவர்க்கு மிகுதி. அவர்க்கு இலேசானதும், வளைவதும், தம் உயரத்தினும் சற்றுக் குறுகியதுமான பலகையே ஏற்றது. உடலெடை குறைந்தவர்க்கு இவ்வறிவுரை இருமடங்கு பொருந்தும். காலால் ஏறி இறங்க விரும்புவோரும் இலேசையே நாடுதல் வேண்டும்.

இரண்டிற்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. பலகை முழுவதும் இரு தகடு பொதியாமல் ஒரு தகடு மட்டும் பொதிந்தோ, காலடியில் மட்டும் தகடு வைத்து முனைகளை இலேசாக விட்டோ செய்வோர் உளர். முனையிலுள்ள எடையே திருப்புதலைப் பெரிதும் தடுக்குமாதலின், அதனைக் குறைத்து நடுவில் கனத்தை வைத்தல் அறிவுடைமையாம். ஓரளவு பயின்று, ஒரே பலகையால் எல்லாப் பனியிலும் செல்ல விரும்புவோர்க்கு இவ்வகை பொருத்தமானது.

எப்பலகையாயினும், விழும்பொழுது காலணியைத் தானே விடுவிக்கும் பிணைப்பு, அவரவர் எடை, உயரம், வயது, காலணியின் நீளம், திறமை ஆகியவற்றிற்கேற்ப அளவிட்டுப் பொருத்தப்பட வேண்டும். முழங்காலைக் காப்பதில் இலேசு கனம் என்னும் வேறுபாட்டினும் இஃதே முதன்மையானது. பனிச்சரிவு என்னும் பேரிடரினின்று எப்பலகையும் எவரையும் காவாது. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் அபர்வத் மலைச்சரிவில் போலந்து நாட்டார் இருவர் பனிச்சரிவில் அகப்பட்டு உயிர் துறந்தனர். ஆகவே வழிகாட்டியின்றியும், அன்றைய எச்சரிக்கையைக் கேளாமலும், செம்மை செய்யாத சரிவுகளிற் புகுதல் தகாது.

முடிவுரை

டைட்டனால் என்னும் பெயரின் மிடுக்கிலும், விலையின் உயர்விலும் மயங்கிக் கனமான பலகையைக் கொள்ளும் புதியோன், அதனை ஆளமாட்டாமல் வருந்துவான். சுமை குறைவு என்பது ஒன்றையே கருதி மிக இலேசானதைக் கொள்ளும் வல்லோன், இறுகிய பனியில் விரைந்திறங்குங்கால் காலடியில் நிலையின்றித் தடுமாறுவான். இருவர்க்கும் பிழை பலகையில் இல்லை. தம் வலிமையையும், தாம் செல்லும் சரிவையும், ஏற்றத்தில் சுமப்பவர் யார் என்பதையும் எண்ணாமையே பிழை. இம்மூன்றையும் எண்ணித் துணிதல் ஒகேனக்கற் பரிசலோட்டிகள் தம் தொழிலில் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வரும் நெறி. பனிமலைக்குச் செல்லும் நம் மாணாக்கர் அந்நெறியை உடன்கொண்டு செல்வாராக.