வீட்டோடு இருக்கும் படைவீரர்: ஊர் சொல்வதும் விதி சொல்வதும்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை, கயத்தாறு என்று எந்தத் திசையில் போனாலும் ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று வழி சொல்லப்படும் வீடு தென்படும். மழையை நம்பி விதைக்கிற கரிசல் காட்டில் பட்டாளம் என்றால் மாதம் தவறாத சம்பளம். அப்படிப் போனவர்களில் சிலர் முதுகெலும்பில் அடிபட்டோ, காலை இழந்தோ, பக்கவாதம் வந்தோ திரும்பி, வீட்டுக் கட்டிலோடு முடங்கிவிட்டார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் மனைவிமார்களும் மருமகள்களும் டீக்கடைப் பேச்சில் வந்ததை விதி என்று நம்பி, உரியதைக் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மிகவும் கெடுதல் செய்யும் பேச்சிலிருந்து தொடங்குகிறேன். “அட்டெண்டன்ஸ் பணம் வாங்குறவரு வாசலைத் தாண்டக் கூடாது. யாராவது பாத்து எழுதிப்போட்டா பென்ஷனே போயிரும்.” இதை நம்பி, பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலைத் தேரைப் பார்க்க ஆசைப்படும் மனிதரைச் சக்கர நாற்காலியில்கூட வெளியே கொண்டுவராமல் வைத்திருக்கிறார்கள். பென்ஷன் தாளில் கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்று இருக்கும் அந்தப் படிக்கு விதி கேட்பது வேறு. உடல் இயலாமை நூறு சதவீதம் என்று மருத்துவ வாரியம் ஏற்றிருக்க வேண்டும். அந்த இயலாமையால் இன்னொருவர் துணை எப்போதும் தேவை என்றும் அது சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனையில் உள்நோயாளியாக இருக்கும் நாட்களுக்குப் படி வராது. வாசலைத் தாண்டுவது பற்றி அங்கே பேச்சே இல்லை. 2017 ஜூலை 1 அன்று இது மாதம் 6,750 ரூபாய் என்று வைக்கப்பட்டது. அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும் ஒவ்வொரு முறையும் இதுவும் 25 சதவீதம் கூடும். நூறு சதவீதம் எழுதப்பட்டும் இந்தப் படி வராத வீடுகள், வாரியத்தின் தாளில் துணை தேவை என்ற பரிந்துரை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இந்தப் பயம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் மெடிகேர் திட்டத்தின் கீழ் நர்ஸ் வீட்டுக்கு வர, நோயாளி வீட்டோடு இருப்பவர் என்று மருத்துவர் சான்று தர வேண்டும். அங்கேயும் பலர் அதைப் படுத்த படுக்கை என்றே புரிந்துகொண்டு அஞ்சுகிறார்கள். ஆனால் அந்த விதி கேட்பது படுத்த படுக்கையை அல்ல, வெளியே போவது பெரும் சிரமமாக இருப்பதை. மருத்துவரிடம் போகலாம், வழிபாட்டுக்குப் போகலாம், எப்போதாவது குடும்ப விசேஷத்துக்கும் போய் வரலாம். அவ்வளவு கறாரான திட்டமே கோயிலுக்குப் போவதைத் தடுக்கவில்லை.

அடுத்தது, “நோவு கூடிருச்சுன்னு எழுதிக் கேட்டா மறுபடி போர்டுக்குக் கூப்புட்டு சதவீதத்தக் குறைச்சிருவாங்க.” ஒரு காலத்தில் இதில் நியாயம் இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மறு ஆய்வு வாரியத்தின் முன் போய் நிற்க வேண்டியிருந்தது. பாதுகாப்பு அமைச்சகம் 2001 பிப்ரவரி 7 அன்று வெளியிட்ட ஆணை, அந்தக் காலமுறை ஆய்வை நிறுத்திவிட்டது. நிரந்தர இயலாமை என்று முடிவானால், சம்பந்தப்பட்டவரே கேட்டால் ஒழிய மறு ஆய்வு இல்லை. நிலை உண்மையிலேயே மோசமாகிவிட்டவர் அதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

“குண்டடி பட்டாத்தான் ஊனப் பென்ஷன், சீக்குன்னு அனுப்பிட்டா ஒண்ணும் கிடையாது” என்பதும் தவறு. நோய் ராணுவப் பணியால் வந்ததாகவோ, பணியால் கூடியதாகவோ இருந்தால் போதும். தரம்வீர் சிங் என்ற சிக்னல்ஸ் படைப்பிரிவு வீரருக்கு வலிப்பு நோய் என்று சொல்லி, 20 சதவீத இயலாமையோடு வெளியே அனுப்பினார்கள். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று பென்ஷனை மறுத்தார்கள். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சேரும்போது எந்த நோயும் பதிவாகவில்லை என்றால் நல்ல உடம்போடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், தொடர்பு இல்லை என்று காட்டும் பொறுப்பு படைத்தரப்பினுடையது, சந்தேகத்தின் பலன் வீரருக்கே என்பது அதன் சாரம். 2023 செப்டம்பர் 21க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குப் புதிய விதிகள் வந்துள்ளன. அதற்கு முன் வந்தவர்களுக்குப் பழைய விதிகளே. மறுக்கப்பட்டவர்கள் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாய அமர்வுக்குப் போகலாம்.

உயிர்ச்சான்றுக்காக ஆளைத் தூக்கி ஆட்டோவில் போட்டு பேங்குக்குக் கொண்டுபோவதை இன்னும் பார்க்க முடிகிறது. வேண்டாம். தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுப்பார். 2021 நவம்பரிலிருந்து கைப்பேசியில் முகத்தைக் காட்டியும் கொடுக்கலாம். விரல் ரேகை அழிந்தவர்களுக்கு அதுவே தோது. சான்று தவறிப் பென்ஷன் நின்றாலும் உரிமை போய்விடாது. கொடுத்ததும் நிலுவையோடு வரும்.

மருத்துவத்துக்கு வருவோம். முன்னாள் படைவீரர்களுக்கான இசிஎச்எஸ் திட்டம் 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. “நாங்க அதுக்கு முன்னாலயே வந்துட்டோம், பணமும் கட்டல, சேர முடியாது” என்று 1971 போரிலும், 1987 முதல் 1990 வரை இலங்கையிலும் இருந்த சிலர் ஒதுங்கியே இருக்கிறார்கள். 1996 ஜனவரி 1க்கு முன் ஓய்வு பெற்றுப் பென்ஷன் வாங்குபவர்களுக்குச் சந்தாவே கிடையாது. போரில் உடல் இயலாமை அடைந்தவர்களுக்கும் கிடையாது. விண்ணப்பித்து அட்டை வாங்க வேண்டும், அவ்வளவுதான். பாலிகிளினிக், அங்கிருந்து சிபாரிசு, பிறகு பெரிய ஆஸ்பத்திரி என்பது இசிஎச்எஸ் ஓடும் தடம். சக்கர நாற்காலி, செயற்கைக் கால், காது கேட்கும் கருவி போன்றவற்றுக்கும் அதில் இடமுண்டு.

வீட்டுக்கு ஆள் வருவது தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவத்தில். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் இது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டில் கொடுக்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட்டும், நாட்பட்ட நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸும் வீடு தேடி வருகிறார்கள். “நமக்குத்தான் மிலிட்டரி ஆஸ்பத்திரி இருக்கே, இது இல்லாதவங்களுக்கு” என்று கூச்சப்பட்டு ஒதுங்க வேண்டாம். ராணுவத்தில் இருந்தவருக்குக் கிடையாது என்று இதில் எந்த விலக்கும் இல்லை. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும்.

இனி கட்டிலருகே நடப்பவை. விதிகளைவிட இங்கே தவறான நம்பிக்கைதான் ஆளைக் கொல்கிறது. “தண்ணி குடுத்தா அடிக்கடி போகும், பை நிறையும், மாத்தணும்” என்று குடிக்கும் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். தண்ணீர் அருமையான ஊரில், ஒரு பெண் தனியாகச் சமாளிக்கும் வீட்டில் அந்த எண்ணம் வருவது இயல்பு, குறை சொல்ல மனமில்லை. ஆனால் மூத்திரக் குழாய் வைத்தவருக்குத் தண்ணீர் குறைந்தால் கசடு படிந்து குழாய் அடைக்கும், கிருமி ஏறும், சிறுநீரகம் கெடும். இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ மருத்துவர் அளவு குறிப்பிட்டிருந்தால் ஒழிய, தாராளமாகக் கொடுக்க வேண்டும்.

முதுகுத்தண்டு மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே உடம்புச் சூடு ஏறிக்கொண்டே போகும், வெளியே தெரியாது. ஈரத்துணியும் மின்விசிறியும் அவருக்கு மருந்து. அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று மண்டை இடித்து, முகம் சிவந்து, அடிபட்ட இடத்துக்கு மேலே வியர்த்துக் கொட்டினால் ‘பித்தம்’ என்று எலுமிச்சைச் சாறு கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். குழாய் மடங்கியிருக்கலாம், அல்லது மலம் கட்டியிருக்கலாம். ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறும். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், குழாயைப் பாருங்கள், தணியாவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள்.

படுக்கைப் புண்ணைத் தலைவிதி என்று சொல்லாதீர்கள். ஒரே இடத்தில் அழுத்தம் நின்றால் ரத்தம் ஓடாது, சதை சாகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பதுதான் வைத்தியம். சிவந்த இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது, பாசமாகச் செய்தாலும், உள்ளே இன்னும் கெடுக்கும். இரவில் இதைச் செய்பவருக்கும் தூக்கம் வேண்டும். குடும்பத்தில் இருவராவது முறை வைத்துக்கொள்ளாமல் இது நடக்காது.

“புனேக்கு அனுப்புனா தள்ளிவுட்ட மாதிரி” என்பதையும் மாற்றிக்கொள்ளலாம். அங்கே கட்கியில் 1974 முதல் முடமுற்ற படைவீரர்களுக்கான மறுவாழ்வு மையம் இயங்குகிறது. மொகாலியிலும் ஒன்று உண்டு. முடங்கியதோடு வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை: 1965 போரில் குண்டடி பட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்த முரளிகாந்த் பேட்கர் என்ற வீரர் 1972இல் ஹைடல்பர்க்கில் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அது.

கடைசியாக, மேலே சொன்ன ராணுவ விதிகள் பொருந்தாத சிலரைப் பற்றி. 2019 புல்வாமா தாக்குதலில் உயிரிழந்தவர்களில் ஒருவர் கயத்தாறு பக்கத்துச் சவலாப்பேரிக்காரர், மத்திய ரிசர்வ் போலீஸ் படையைச் சேர்ந்தவர். அந்தப் படை, எல்லைப் பாதுகாப்புப் படை போன்றவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. ஊரார் எல்லோரையும் மிலிட்டரி என்றே அழைத்தாலும், அவர்களுக்கு இசிஎச்எஸ்ஸும் மேலே சொன்ன ராணுவ ஆணைகளும் பொருந்தாது. பென்ஷன் விதியும் மருத்துவத் திட்டமும் வேறு. அவர்கள் தங்கள் படையின் பென்ஷன் அலுவலகத்தில் கேட்க வேண்டும். ராணுவம், கப்பல்படை, விமானப்படையிலிருந்து வந்தவர்கள் தூத்துக்குடியில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, மருத்துவ வாரியத் தாள் மூன்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். விவரம் கேட்டு வர வீட்டில் வேறு யாராவது போனால் போதும், கட்டிலில் இருப்பவரைக் கூட்டிப்போக வேண்டாம்.