எழுத்து மயக்கமும் சிறப்பாசிரியர் பணியும்

ஆரம்பப் பாடசாலையின் மூன்றாம் வகுப்பிலே ஒரு சிறுவன் இருக்கின்றான். கேட்ட கதையைச் சுவைபடத் திருப்பிச் சொல்வான். மனக்கணக்கில் ஏனையோரை முந்துவான். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைத் தவறாது எண்ணி வாங்கி வருவான். வாசகப் புத்தகத்தை விரித்தாலோ அவனுக்கு நாவெழாது. மந்தன், சோம்பேறி என்னும் பட்டங்கள் விரைவிலே கிடைத்துவிடுகின்றன. நம் கல்லூரியினின்றும் உபாத்திமைத் தொழிலை நாடிச் செல்லும் நண்பர்கள் இத்தகைய சிறுவனை என்றேனும் எதிர்ப்படுவராதலின், அவனைக் குறித்துச் சில கூற விழைகின்றேன்.

1896-ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில வைத்தியர், 14 வயதுச் சிறுவனொருவனைப் பற்றி வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். அவன் கூரிய அறிவினன், கண்பார்வையிலும் குறைவில்லை, எண்களைப் படித்தான், சொற்களை மாத்திரம் படிக்க இயலாதவனாயிருந்தான். அந்நிலையைப் பிறவிச் சொற்குருடு என்று அவர் வழங்கினார். இக்காலத்தார் டிஸ்லெக்சியா என்பர். அது கண்ணின் பிழையன்றென்பதும், சொல்லிலுள்ள ஒலிகளைப் பிரித்துணர்ந்து எழுத்தோடு பொருத்துவதிலேயே பெரும்பாலும் இடர்ப்பாடு உளதென்பதும் இப்பொழுது தெளிந்த செய்திகள். நம் தேசத்தில் 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வகுத்த 7 வகைகளுள் இஃது இடம்பெறவில்லை. 2016-ஆம் ஆண்டின் சட்டம் கூறும் 21 வகைகளுள் இடம்பெற்றுளது.

தமிழ் எழுதியவாறே வாசிக்கப்படுவதாகலின், ஆங்கிலச் சிறார்க்குள்ள தொல்லை நம் சிறார்க்கில்லையென்று கருதுவாருமுளர். அது முழுதும் உண்மையன்று. 'கெ' என்னும் எழுத்தை நோக்குக. காதிலே முதலிற் படுவது ககர மெய்; கண்ணிலே முதலிற் படுவதோ ஒற்றைக்கொம்பு. 'கொ' என்பதிலே ஓருயிரின் குறி இரு கூறாகப் பிரிந்து மெய்யின் இருமருங்கும் நிற்கின்றது. வலப்பக்கத்துக் காலோ ரகரத்தின் வடிவை ஒத்திருக்கிறது. ஆகவே 'கொடி' என்பதனைக் 'கெரடி' என்று வாசிக்கும் பிள்ளை கவனமின்றி வாசிக்கவில்லை; கண்டதனைக் கண்டவாறே வாசிக்கின்றான். (குறிலுக்கும் நெடிலுக்கும் கொம்பை வேறுபடுத்தியவர் வீரமாமுனிவர் என்பர். அதற்குமுன் ஓலைச்சுவடி படித்த பிள்ளைகளின் பாட்டை நினைத்தால் இரக்கமே மிகுகின்றது.)

சிறப்பாசிரியர் முதலில் இப்பிழைகளைத் திருத்தாது, ஒரு குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொள்ளுதல் நலம். ஒரு வாரத்தில் அவை தாமே இனம் பிரிந்து நிற்கும். லகர ளகரங்களைக் காதே பிரித்தறியாதாயின் பாடம் வாயினின்று தொடங்கவேண்டும். வடிவில் மயங்கினால் கையினின்று தொடங்கவேண்டும்.

கொம்புக்கு யான் கையாளும் வழி இது. 'க்' என்றும் 'எ' என்றும் இரு அட்டைகளை ஒலியின் முறைப்படி வைத்துச் சேர்த்துச் சொல்லச் செய்வேன். பின்னர் 'எ' அட்டையை நீக்கி அவ்விடத்திற் கொம்பு அட்டையை வைப்பேன்; அதனை எடுத்து இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்துபவன் சிறுவனே. அதன்பின் தட்டிற் பரப்பிய மணலில் ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுவான். அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகட்காகச் செகுயின் என்பார் வகுத்த முறைகளைக் கற்ற மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவச் செய்தார். அவர் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வருமுன்னரே நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயின்றவர்களே. நாளொன்றுக்குக் கால்மணி நேரம் போதும். ஆனால் ஒருநாளும் தவறலாகாது.

அக்கால்மணி நேரத்தை விளையாட்டு வேளையினின்றோ சித்திர வகுப்பினின்றோ பறித்தல் கொடுமை. அவன் தலைநிமிர்ந்திருப்பது அங்கேதான். ஏனைப் பாடங்களில் அவனை வாய்மொழியாக வினவுக. சிறப்பாசிரியர் பல பள்ளிகட்கு முறைவைத்துச் செல்லும் ஊர்களில் அவர் வாராத நாட்களே மிகுதி. அந்நாட்களில் குறிப்பேடு வகுப்பாசிரியரின் மேசைமேல் இருத்தல் வேண்டும்.

என்னிடம் பயின்ற சிறுவனொருவன் கொம்பை இடம் மாற்றப் பழகுவதற்கு ஐந்து வாரம் கொண்டான். ஆறாம் வாரத்தில், யாரும் கேளாமலே, சுவரில் ஒட்டியிருந்த கொடிநாள் விளம்பரத்தின் முன் நின்று, 'கொடி' என்று உரக்கப் படித்தான். சிறிது நின்று, 'நால்' என்றான். அதனையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.