புஞ்சையில் வாழும் ஜீவராசிகள்

விளாத்திகுளம்

தம்பிக்கு,

பறவைகளையும் விலங்குகளையும் காப்பது சர்க்கார் வேலையல்லவா, உழுகிறவனுக்கு அதில் என்ன பங்கு என்று கேட்டிருந்தாய். நம் ஜில்லாவில் வல்லநாட்டு மலையை 1987-இல் வெளிமான்களின் சரணாலயமாக்கினார்கள். அது போற்றத்தக்க காரியமே. ஆயினும் ஜீவராசிகள் யாவும் சரணாலய எல்லைக்குள் அடங்கி வாழ்வதில்லை. அவற்றுள் எண்ணிறந்தவை நம் கரிசற்புஞ்சையின் ஓடைக்கரையிலும் வரப்பிலும் தரிசிலுமே பிழைக்கின்றன. ஆகவே அவற்றைக் காக்கும் பொறுப்பு உழுகிறவனுக்கும் உரியது. அதன் பலனும் அவனுக்கே.

வடகிழக்குப் பருவமழை ஒன்றையே நம்பிய நம் முன்னோர், மழை பொய்த்தாலும் ஏதேனும் ஒரு தானியம் வீடு சேரவேண்டுமென்று, கம்பு, சோளம், குதிரைவாலி எனப் பலவும் விதைத்தார்கள். பருத்திக்கு நடுவே உளுந்தும் பாசியும் ஊடுபயிராயின. பருத்தியைச் சுற்றி ஆமணக்கு ஊன்றினால், புரோடீனியா என்னும் வெட்டுப்புழுவின் தாய் அந்துப்பூச்சி அதன் அகன்ற இலையை நாடி முட்டையிடும். அந்த இலையைக் கிள்ளி அழித்துவிடலாம். உளுந்தில் பெருகும் பொறிவண்டு அசுவினியைத் தின்னும். நட்டுவைத்த குச்சியில் அமரும் கரிச்சான் பூச்சிகளைப் பிடிக்கும். மருந்தை வரம்பின்றித் தெளித்தாலோ பகைப்பூச்சியோடு இந்தத் துணைகளும் மடிகின்றன. பகை விரைந்து திரும்புகிறது, துணை தாமதித்தே வருகிறது.

பயிரிலும் கால்நடையிலும் உள்ள பேதங்களும் இந்த உயிர்ச்செல்வத்தில் சேர்ந்தவையே. ஆழ வேரோடி வறட்சி தாங்கும் கருங்கண்ணிப் பருத்தி இந்தக் கரிசலுக்கே உரியது; ஒட்டுரகங்களும், 2002-இல் அனுமதி பெற்ற மரபணு மாற்றப் பருத்தியும் பரவிய பின் அது அருகிவிட்டது. வெள்ளை உடலில் செம்புள்ளி படர்ந்த வேம்பூர் ஆட்டின் தாயகம் நம் ஜில்லாவின் வேம்பூர், மேலக்கரந்தை, நாகலாபுரம் வட்டாரம். தரிசில் மேய்ந்து, கிடையமர்ந்து, புழுக்கையால் நிலத்தை வளமாக்கும் அந்த இனத்துக்கு, சீமைக்கருவேல் மூடிய நிலம் மேய்ச்சலாகாது. பச்சையாய்த் தெரிவதெல்லாம் வளமன்று, தம்பி. பல உயிர்களுக்கு இடங்கொடுக்கும் பசுமையே வளம்.

புரட்டாசி விதைப்புக்கு முன் மூன்று காரியம் செய்: ஓடைக்கரையின் வேம்பையும் உடைமரத்தையும் வெட்டாதே, நாட்டு விதையில் ஒரு பங்கேனும் விதைத்து எடுத்து வை, பூச்சியைக் கண்டவுடன் மருந்துக்கடைக்கு ஓடாமல், அதைத் தின்னும் உயிர் புஞ்சையில் உண்டா என்று பார். நீ இன்று விட்டுவைப்பதே உன் பிள்ளைகளுக்கு எஞ்சும்.

இங்ஙனம்,
உன் நலம் விரும்பும் அண்ணன்